அப்பாவுக்குக் கட்டிய பரிவட்டம்

அயர்லாந்து அரசியல்வாதி ஒருவரின் வாழ்க்கை வரலாற்றைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். குத்தகை விவசாயிகளுக்காகப் பாராளுமன்றத்தில் வருடக்கணக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர். கடைசியில் பிரபு பட்டம் கொடுத்து அவரை மேல்சபைக்கு ஏற்றிவிட்டார்கள். ஜனங்கள் ஓட்டுப்போட்டு அனுப்பும் சபையில் அதன்பிறகு அவர் உட்காரவே முடியாது. மனிதருக்கு அதில் பெருமை வேறு! லேப்டாப்பை மூடிவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்தேன். எங்கள் வீட்டுக் கதையைத்தான் எவனோ எழுதிவைத்திருக்கிறான்.

சாலவாக்கம் பக்கம் எங்கள் ஊரில் அப்பா இரண்டு முறை வார்டு உறுப்பினர். எங்கள் தெருவுக்குச் சுடுகாட்டுப் பாதை கிடையாது. மழைக்காலத்தில் அடுத்தவர் வயலில் இறங்கி, முழங்கால் சேற்றில்தான் பிணத்தைத் தூக்கிப்போக வேண்டும். ஒவ்வொரு கூட்டத்திலும் அப்பா அந்தப் பாதையைக் கேட்டார். "என்னைய அந்தச் சேத்துல தூக்கிக்கினு போவாதீங்க, சொல்ட்டேன்" என்பாள் அம்மா.

அடுத்த தேர்தலுக்கு முன் நிலக்காரப் பெரியவர்கள் எங்கள் வாசலுக்கே வந்தார்கள். அதுவரை வந்ததில்லை. "வார்டைச் சின்னப் பசங்க பாத்துக்கட்டும். நீங்க திருவிழாக் கமிட்டிக்குக் கௌரவத் தலைவர். இந்த வருசம் கோயில்ல பரிவட்டம் உங்களுக்குத்தான்" என்றார்கள். எங்கள் தெருக்காரன் தலையில் அந்தப் பட்டுத்துணியை யாரும் கட்டியதே இல்லை. அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நைனா, உன்ன நல்லா ஏமாத்துறாங்க" என்றேன்.

"உனக்கு இன்னா தெரியும்? எங்கப்பன் கோயிலுக்கு வெளிய நின்னு கும்புட்டவன்."

அவர் சொன்னதும் நிஜம்தான். அதுதான் இன்னும் ஆத்திரம். அப்பா தேர்தலில் நிற்கவில்லை. பெரியவர் ஒருவரின் மருமகன் ஜெயித்தான்.

போன ஐப்பசி மழையில் பக்கத்து வீட்டு அக்கா செத்துப்போனாள். பாடை தூக்கிய நாலு பேரும் சேற்றில் வழுக்கி விழுந்தார்கள். மறுநாள் அப்பா விறுவிறுவென்று ஊராட்சி மன்றக் கூட்டத்துக்கு நடந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன். மருமகன் எழுந்து வந்து, அப்பாவை முதல் நாற்காலியில் உட்காரவைத்து, ரோஜா மாலை போட்டான். அப்பா "பாதை" என்று வாயைத் திறந்தார்.

"தலைவரே, உங்க மரியாதைக்கு நீங்க இதுக்கெல்லாம் அலையலாமா? உறுப்பினருங்க நாங்க பேசிக்கிறோம்."

டீ கொடுத்தார்கள். தெருவிளக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அட, மாலையைக் கழற்றி மேசைமேல் வீசிவிட்டு வரவேண்டாமா இந்த மனுஷன்? போட்டுக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்.

வாசலில் அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அத்த தண்ணி தெளிச்சி வாடாம வையிய்யா. பாதை வரப்போறதில்ல. மாலையாவது எனக்கு ஆவும்."