பணியாரக் கடை அன்னத்தாயின் ரங்கூன் மகள்

தேனிச் சந்தை வாசலில் அன்னத்தாய் பணியாரக் கடை போட்டிருந்தாள். கடை என்றால் ஒரு அடுப்பு, இரண்டு பணியாரச் சட்டி, வெயிலுக்கு ஒரு தார்ப்பாய். மூட்டை தூக்குகிறவர்கள், லாரி டிரைவர்கள், கம்பத்திலிருந்து காய்கறி கொண்டுவரும் சம்சாரிகள் எல்லோரும் அவளிடம் பணியாரம் வாங்கித் தின்றுவிட்டு, கூடவே கொஞ்சம் திட்டும் வாங்கிக்கொண்டு போவார்கள். புருஷன் ராக்கையா ரங்கூனில் மளிகைக் கடை வைத்திருந்தான். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வந்து, பட்டுக் கைலியும் பர்மாக் குடையும் கொடுத்துவிட்டுப் போவான். மகன் பொன்னுராஜுக்கு அப்பா என்றதும் குடைதான் ஞாபகம் வரும்.

அறுபத்து நாலில் பர்மா சர்க்கார் கடைகளையெல்லாம் எடுத்துக்கொண்டது. நம் ஆட்கள் கப்பல் கப்பலாகத் திரும்பினார்கள். அடுத்த வருஷம் ராக்கையாவிடமிருந்தும் தந்தி வந்தது. வாசித்துச் சொன்ன தபால்காரர், "குழந்தையோட வர்றதாப் போட்டுருக்கே" என்றார்.

"குடையா இருக்கும். நல்லாப் பாருங்க" என்றாள் அன்னத்தாய்.

குடை இல்லை, குழந்தையேதான். மதுரை பஸ்ஸிலிருந்து ராக்கையா ஒரு தகரப் பெட்டியோடு இறங்க, அவன் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு ஐந்து வயசுப் பெண் பிள்ளை ஒன்றும் இறங்கியது. வட்ட முகம், சின்னக் கண், சப்பை மூக்கு. கன்னம் இரண்டிலும் சந்தனம் மாதிரி எதையோ வட்டமாகப் பூசியிருந்தது. சந்தை வேலையை விட்டுவிட்டு அத்தனை பேரும் வேடிக்கை பார்த்தார்கள். ராக்கையாவின் அக்கா ஜக்கம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அன்னத்தாய் ஒரு இலையில் நாலு பணியாரத்தை வைத்துப் பிள்ளை கையில் கொடுத்தாள். வந்தவர்களுக்கெல்லாம் அவள் முதலில் செய்வது அதுதான்.

வீட்டுக்குப் போனதும் கேட்டாள். "யாரு பிள்ளை இது?"

"கடைக்குப் பின்னாடி ஒரு பர்மாக்காரப் பொம்பளை குடியிருந்தா. புருஷன் இல்ல. காய்ச்சல்ல அவளும் போயிட்டா. சொந்தம்னு ஒருத்தரும் வரல. ரெண்டு வயசுலருந்து எங்கூடதான் கடையில கிடந்துச்சு. அங்கன கோர்ட்டுலயே என் பிள்ளைன்னு எழுதி வாங்கிட்டேன். விட்டுட்டு வர மனசு வரல, அன்னம்."

"உங்களுக்குப் பிறந்ததா?"

"இல்ல. வீரபாண்டிக் கௌமாரி ஆத்தா மேல சத்தியம்."

அன்னத்தாய் அவன் காதைப் பார்த்தாள். பொய் சொன்னால் ராக்கையாவுக்குக் காது சிவந்துவிடும். கலியாணமான புதிதிலேயே அவள் கண்டுபிடித்த விஷயம் அது. காது கறுப்பாகத்தான் இருந்தது. அவள் நம்பினாள்.

ஊர் நம்பவில்லை. ஜக்கம்மா கடைக்கே வந்து உட்கார்ந்து, "என் தம்பிதான். அதுக்காக அவன் சொன்னதை அப்படியே நம்பிட்டியாக்கும்?" என்று கேட்டாள்.

"நம்பாட்டி மட்டும் பிள்ளைக்குப் பசிக்காதா, மதினி? கொஞ்சம் தள்ளி உக்காருங்க, புகை அடிக்கும்."

ஆனாலும் கோபம் இல்லாமல் இல்லை. இத்தனை வருஷம் ஒற்றை ஆளாக ஒரு பிள்ளையை வளர்த்தவள் அவள். அவளை ஒரு வார்த்தை கேட்காமல் இன்னொன்றைக் கொண்டுவந்து இறக்கிவிட்டானே என்ற கோபம். ஒரு வாரம் புருஷனோடு பேச்சில்லை. பேசாமலும் அவளால் இருக்க முடியாது. ஆகவே பிள்ளையோடு பேசினாள். சந்தை விலைவாசி, ஜக்கம்மாவின் குசும்பு, சட்னிக்கு உப்புக் கூடிப்போனது எல்லாவற்றையும் சொன்னாள். ரங்கூன் கடையில் பேச்செல்லாம் பர்மாப் பாஷையிலேயே நடந்ததால், பிள்ளைக்கு அப்போது தமிழில் வா, போ, சோறு, வேணாம் என்ற நாலு வார்த்தைதான் தெரியும். நாலையும் மாற்றி மாற்றிப் போட்டு அதுவும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

பேர் கேட்டதற்கு 'ஷ்வே' என்றது. பர்மாப் பாஷையில் தங்கம் என்று அர்த்தமாம். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாத்தியார் சொர்ணலதா என்று எழுதிக்கொண்டார். பொன்னுராஜ், சொர்ணலதா. வீட்டில் குந்துமணித் தங்கம் இல்லாவிட்டாலும் பேரில் குறைச்சல் இல்லை.

சாப்பாட்டில்தான் தகராறு. தயிரைக் கண்டால் வாந்தி எடுப்பவள் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள். கருவாடு என்றால் அடுப்படியை விட்டு நகரமாட்டாள். ஒருநாள் வாழைத் தோப்பு ஓரமாகப் போகும்போது, வெட்டிப் போட்டிருந்த வாழைத்தண்டைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றாள். ரங்கூனில் காலை வேளையில் மீன் சாறும் வாழைத்தண்டும் போட்டுச் சேமியா மாதிரி ஒன்று கொடுப்பார்கள் என்று ராக்கையா சொன்னான். கோபமெல்லாம் மறந்து அன்னத்தாய் அவனை அடுப்படியில் நிறுத்திவைத்துப் பக்குவம் கேட்டாள். அவனுக்குத் தின்னத்தான் தெரியும். எப்படியோ ஒன்றைக் காய்ச்சி இறக்கினாள். பிள்ளை ஒரு வாய் குடித்துவிட்டு, அன்னத்தாயை இரக்கத்தோடு பார்த்துவிட்டு, "பணியாரம்" என்றது. தமிழில் அவளுடைய ஐந்தாவது வார்த்தை அது.

ஆறாவது வார்த்தை 'அன்னத்தாயி'. சந்தையில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், அவளும் கூப்பிட்டாள். ஜக்கம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "பெத்தவ மாதிரி வளக்குறவளைப் பேர் சொல்லியா கூப்புடுறது?"

"பேரைத்தான சொல்றா, வையலையே. தாயின்னும் அதுக்குள்ளயே வந்துருது. வேறென்ன வேணும்?"

அடுத்த சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு எல்லோரும் போனார்கள். அதற்குள் சொர்ணலதா தமிழைக் கரைத்துக் குடித்திருந்தாள், அதுவும் சந்தைத் தமிழ். ராட்டினத்துப் பக்கம் கூட்டம் நெரித்ததில் அன்னத்தாயின் கையிலிருந்து பிள்ளையின் கை நழுவிவிட்டது. திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. ராக்கையா ஆற்றுப் பக்கம் ஓடினான். பொன்னுராஜ் பொரிகடலைக் கடைகளுக்கிடையே தேடினான். அன்னத்தாய் அக்கினிச் சட்டி எடுத்து வருபவர்களுக்குக் குறுக்கே விழுந்தடித்துக்கொண்டு, பிள்ளை கட்டியிருந்தது மாதிரி சிவப்புப் பாவாடை கண்ணில் பட்ட இடமெல்லாம் ஓடினாள்.

ஒலிபெருக்கியில் குரல் கேட்டது. "சீனாக்காரப் பிள்ளை ஒண்ணு காணாமப் போயி இங்கன பந்தல்ல இருக்கு. உரியவுக வந்து கூட்டிட்டுப் போகவும்."

அன்னத்தாய் காதில் விழுந்தது. 'யாரோ சீனாக்காரக பிள்ளையத் தொலைச்சுட்டாக, பாவம்' என்று நினைத்துக்கொண்டே தன் பிள்ளையைத் தேடி இன்னும் வேகமாக எதிர்ப்பக்கம் ஓடினாள். இரண்டாவது தடவையும் அதே அறிவிப்பு வந்தது. அப்போதும் அவளுக்கு உறைக்கவில்லை. மூன்றாவது தடவை, "பிள்ளை பேரு சொர்ணலதா, அம்மா பேரு பணியாரக் கடை அன்னத்தாயின்னு சொல்லுது" என்று வந்த பிறகுதான் கால் நின்றது.

பந்தலில் மைக் பிடித்திருந்தவர் ஒச்சாண்டி என்கிற பெரியவர். அன்னத்தாயைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். சீனாச் சண்டை முடிந்து அதிக வருஷம் ஆகாத காலம். "இது உன் பிள்ளையா, ஆத்தா? சாடையே இல்லையே. சும்மா யாருகிட்டயும் தூக்கிக் குடுத்துர முடியாதுல்ல" என்றார்.

அன்னத்தாய்க்கு மூச்சு வாங்கியது. அவள் வாயைத் திறக்குமுன் பிள்ளை பெஞ்சில் ஏறி நின்றது. "ஏ பெருசு, எத்தனை தடவை சொல்றது? நான் தேனிக்காரி. சீனா எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது. இது எங்க அன்னத்தாயி. சந்தையில வந்து கேளு, ஓசிப் பணியாரம் கேட்டா அடிக்க வருவா."

பந்தலே சிரித்தது. ஒச்சாண்டியும் சிரித்துவிட்டார். "இந்த வாய் இருந்தா அது உன் பிள்ளைதான் ஆத்தா, கூட்டிட்டுப் போ." அன்னத்தாய் பிள்ளையை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டாள். முதுகில் ஒன்று வைக்க வேண்டும் என்றுதான் வந்தாள். கை எழும்பவில்லை. வழி நெடுகச் சிரித்துக்கொண்டும் மூக்கைச் சிந்திக்கொண்டும் வந்தாள். அன்றைக்குப் பிறகு சாடையைப் பற்றி யார் கேட்டாலும், "அவளுக்கு என் வாய்" என்று சொல்லிவிடுவாள்.

சொர்ணலதா பெரியவளாகி, எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டெலிபோன் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள். எண்பத்தொன்றில் மாப்பிள்ளை பார்த்தார்கள். முதலில் வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு, "பொண்ணு எந்த ஆளுகன்னு தெரியலையே" என்று இழுத்தார்கள். ராக்கையா தலையைக் குனிந்துகொண்டான். அன்னத்தாய் டம்ளர்களை எடுத்துக்கொண்டு, "தெரியாத வீட்டுல காப்பி மட்டும் குடிக்கலாமாக்கும்" என்றாள். அவர்கள் கிளம்பிப் போனார்கள். அன்றைக்கு சொர்ணலதா கொஞ்சம் அழுதாள். ஜக்கம்மாதான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, போனவர்களின் ஏழு தலைமுறையையும் வைது தீர்த்தாள். தம்பி மகளைச் சொல்ல வெளியாளுக்கு என்ன பாத்தியதை இருக்கிறது என்பது அவள் கட்சி.

பிறகு வடுகபட்டியிலிருந்து செல்வமணி வந்தான். மோட்டார் பம்பு ரிப்பேர் பார்க்கிறவன். சாமான் வேண்டி மதுரைக்கு டிரங்க் கால் போடப் போய்ப் போய், லைன் போட்டுக் கொடுத்த சொர்ணலதாவின் குரலிலேயே விழுந்தவன். முகத்தையே பிறகுதான் பார்த்தான். "எங்க வீட்டுலயும் கேப்பாகல்ல, பிள்ளைக்கு எந்த ஊருன்னு சொல்றது?" என்று தயங்கிக் கேட்டான்.

உள்ளேயிருந்து சொர்ணலதாவே வந்து பதில் சொன்னாள். "பிறந்தது ரங்கூன். வளந்தது சந்தை வாசல். ரெண்டையும் மறைக்க மாட்டேன். சம்மதமா?"

"சம்மதம்" என்றான் செல்வமணி, அவசர அவசரமாக.

கலியாணம் முடிந்து அவள் வடுகபட்டிக்குப் போன மறுநாளே அன்னத்தாய் கடைக்கு லீவு விட்டாள். மழைக்கும் சாவுக்கும் தவிர லீவு விடாத கடை அது. தூக்குவாளியோடு பெரியகுளம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். கண்டக்டர் அவளுக்குப் பழக்கமானவர். "என்னாத்தா, நேத்துத்தான அனுப்பிவச்சீக, அதுக்குள்ளயுமா?" என்றார்.

"பேச ஆளில்ல, தம்பி" என்றாள் அன்னத்தாய். "வடுகபட்டிக்கு ஒண்ணு குடு."