தனக்குத்தானே தூது போன கிதானி

எங்கள் கல்லூரி வேலைவாய்ப்பு அறையில் கிதானி தொலைபேசியை எடுத்தால் நான் தேநீர் போட எழுந்துவிடுவேன். அவ்வளவு நேரம் பேசுவாள். எங்கள் ஊரான ஹிகாஷி ஒசாகாவில் சந்துக்குச் சந்து சின்னப் பட்டறைகள். புதிதாக எதையாவது கண்டுபிடித்துக்கொண்டே இருப்பார்கள். எங்கள் பிள்ளைகளுக்கோ விளம்பரத்தில் வரும் கம்பெனி மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். அவர்களை இழுத்துப் போய் அந்தச் சின்ன இடங்களைக் காட்டுவதுதான் கிதானியின் பிழைப்பு, பைத்தியம், எல்லாம்.

பிள்ளைகளைக்கூடச் சமாளித்துவிடலாம், பெற்றவர்களோடுதான் பெரும்பாடு. இங்கே வேலை கொடுக்கிற கம்பெனியே வீட்டுக்குப் போன் செய்து, பிள்ளை எங்களிடம் சேர உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டுக்கொள்ளும். அம்மா முகம் சுளித்தால் பிள்ளை கடைசி நேரத்தில் நழுவிவிடுமே என்ற பயம். அப்படிச் சுளிப்பவர்களிடம் பேச எல்லோரும் கிதானியைத்தான் கூப்பிடுவார்கள். "பேரைப் பாக்காதீங்கம்மா, ஒரு தடவை நேர்ல போய் என்ன செய்றாங்கன்னு பாருங்க" என்று ஆரம்பித்தாளானால் கல்லும் கரையும்.

அந்த வருடம் எங்கள் கல்லூரியில் ஆளெடுக்க வந்த கம்பெனிகளின் கண்காட்சியில் தோபித்தா என்பவரின் மேசைப் பக்கம் ஈ காக்கை இல்லை. ஆஸ்பத்திரித் தள்ளுவண்டிக்குச் சத்தமே போடாத சக்கரம் செய்கிறவர். இருபது பேர்கூட இல்லாத கம்பெனி. பின்னால் வண்டி வருவது தெரியாமல் செவிலியர்கள் இடிபட, கடைசியில் அவரே அதில் மணி கட்டிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

காலி நாற்காலியில் முதல் ஆளாக உட்கார எங்கள் பிள்ளைகளுக்குக் கூச்சம். ஒருத்தர் உட்கார்ந்துவிட்டால் பின்னாலேயே பத்துப் பேர் வருவார்கள். எங்களிடமே கடைசி வருடம் படிக்கும் தன் மகள் சிஹோவையே கிதானி பிடித்து உட்காரவைத்தாள். "சும்மா தலையாட்டிட்டு வா. உனக்குத்தான் பேங்க்ல வேலை கெடச்சாச்சே."

சிஹோ தலையாட்டவில்லை. "மணி அடிச்சா நோயாளி முழிச்சுக்க மாட்டாங்களா? தரையில வெளிச்சம் விழற மாதிரி வச்சா என்ன?" என்று கேட்டாள். மேசையை மடிக்கும்வரை இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த மாதம் ஒரு மத்தியானம் கிதானியின் கைப்பேசி அடித்தது. வேலையிடத்தில் அவளுக்குப் பிறந்த வீட்டுப் பெயர், கிதானி. மற்ற இடங்களில் புகுந்த வீட்டுப் பெயர், முரோசுமி. வெளியாட்களுக்கென்று வைத்திருக்கும் மெல்லிய குரலில் "முரோசுமிதான் பேசறேன்" என்றாள். பிறகு, "கொஞ்சம் யோசிக்கணும்ங்க" என்று வைத்துவிட்டாள்.

"தோபித்தாதான். சிஹோ பேங்க்கை விட்டுட்டுச் சக்கரம் உருட்டப் போறாளாம். நான் வேண்டாம்னா போகமாட்டாளாம், அதையும் அவர்கிட்ட சொல்லிட்டாளாம்."

"நீதானேடி உக்கார வச்ச?"

"உக்காரத்தான் சொன்னேன். காது குடுத்துக் கேக்கவா சொன்னேன்?"

நான் பதில் சொல்வதற்குள் அலுவலகத் தொலைபேசி அடித்தது. தோபித்தா. கிதானியிடம் பேச வேண்டுமாம். நான் சும்மா இருப்பேனா? எல்லோருக்கும் கேட்கிற பொத்தானை அமுக்கித்தான் கொடுத்தேன்.

"கிதானி அம்மா, நீங்கதான் காப்பாத்தணும். முரோசுமின்னு ஒரு அம்மா இழுக்கறாங்க. குரலக் கேட்டாலே தெரியுது, பெரிய இடம். நம்மள மாதிரி ஆளுங்க ஆகாது போல. கொஞ்சம் பேசிப் பாருங்களேன்."

நான் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டேன்.

"பேசறேன்" என்றாள் கிதானி. "பிடிவாதக்காரின்னு கேள்வி."

"எனக்கென்னவோ புரியவே இல்லம்மா. சின்ன இடத்துல என்ன கண்டுபிடிக்கறாங்கன்னு பாக்க அம்மாதான் சொல்லிக் குடுத்தாங்கன்னு அந்தப் பொண்ணு அவ்வளவு பெருமையாச் சொல்லுச்சு. அப்பேர்ப்பட்ட அம்மா ஏன் தயங்கறாங்க?"

கிதானி வாயே திறக்கவில்லை. இத்தனை வருடத்தில் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு அவள் பேசாமல் இருந்ததை நான் பார்த்ததே கிடையாது. எனக்குச் சிரிப்பு போய், பாவமாக இருந்தது.

அவர் வைத்த பிறகு, "என்ன, முரோசுமி அம்மா லைன் கெடைக்கலியா?" என்றேன்.

"வாய மூடு. கோட்டு மாட்டிக்க, கெளம்பு."

"எங்க?"

"ஒரு தடவை நேர்ல போய்ப் பாக்கணும்னு சொல்றவ நான்தானே?"

ரயில் நிலையத்தில் இனிப்புப் பெட்டி ஒன்று வாங்கினாள். இந்த வேடிக்கையை விட எனக்கென்ன பைத்தியமா, நானும் போனேன்.

பட்டறை வாசலில் தோபித்தா கையைத் துடைத்துக்கொண்டே வந்து எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "அந்தம்மாவைக் கூட்டிட்டு வரலியா?"

"வந்திருக்காங்க" என்றாள் கிதானி. பெட்டியை இரண்டு கையாலும் நீட்டி, இடுப்பு மடியக் குனிந்தாள். "நான்தான் முரோசுமி. சிஹோவோட அம்மா. என் பொண்ண நல்லாப் பாத்துக்கங்க."

அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு அவளைவிடத் தாழ்வாகக் குனிந்தார். இரண்டு பேரும் அப்படியே குனிந்து நின்றபோது, பட்டறை ஆள் ஒருவர் தள்ளிவந்த, மணி கட்டாத வண்டியொன்று சத்தமில்லாமல் பின்னால் வந்து கிதானியின் மேல் இடித்தது.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது, வலியால் மட்டும் அல்ல என்று எனக்குத் தெரியும்.

"வந்து சேந்ததும் மொத வேலையா அந்த வெளிச்சத்த வைக்கச் சொல்லுங்க அவள" என்றாள்.