மரபணு ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுக்கப் போன சனிக்கிழமை

ஆடி மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, தங்கை கோதையை அழைத்துக்கொண்டு திருச்சி போய் வந்தேன். அவளுக்கு முடக்குவாதம். ஜாக்கெட் தைத்துப் பிழைப்பவள், இப்போது கத்தரிக்கோலை இரண்டு கையாலும் பிடிக்கிறாள். வாரத்தில் ஒரே ஒரு நாள் போடும் மாத்திரை ஒன்று உண்டு. அது அவளுக்குக் கேட்கவில்லை என்று முடிவு செய்த டாக்டர், திருச்சியில் இருக்கும் ஓர் ஆராய்ச்சி மாணவியைப் பார்க்கச் சொன்னார். ஒரே மாத்திரை ஒருவருக்குக் கேட்கிறது, இன்னொருவருக்குக் கேட்பதில்லை. ரத்தத்தில் இருக்கும் மரபணுவைப் பார்த்து அதை முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பதுதான் அந்தப் பெண்ணின் முனைவர் பட்ட ஆராய்ச்சி. நான் எட்டாவதோடு நின்றவள். செல்போனில் தேடித் தேடிப் படித்ததில் இவ்வளவு புரிந்தது.

குளித்தலையில் காலை ஏழேகால் பஸ்ஸைப் பிடித்தோம். சத்திரம் பேருந்து நிலையத்துக்கு ஆளுக்கு நாற்பது ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். மூட்டுவலிக்காரர்களைப் பின் சீட்டில் உட்கார வைக்காதீர்கள். வழி நெடுகக் காவேரியில் ஆடித் தண்ணீர் ஓடியது. கோதை அதைப் பார்க்கவில்லை, ஒவ்வொரு பள்ளத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டாள்.

சத்திரத்திலிருந்து ஆட்டோவுக்கு நூறு கேட்டவர், எழுபதுக்கு இறங்கி வந்தார். போகிற காரியத்தையும் விசாரித்துக்கொண்டார்.

"ரத்தம் கொடுக்கவா போறீங்க? இந்த உடம்புலயா?" என்று கோதையைக் கண்ணாடியில் பார்த்தார்.

"ஒரு குப்பிதான் எடுப்பாங்களாம்."

"எங்க வீட்டுக்காரி என்கிட்ட தினம் ஒரு குப்பி எடுக்குறா. யாரும் ஆராய்ச்சி பண்ணலைங்க" என்றார். அன்று கோதை சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ஆராய்ச்சிக்கூடம் இரண்டாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. முன்பே போன் செய்தால் கீழே வந்து பார்ப்பார்களாம், எங்களுக்குத் தெரியவில்லை. மாணவியின் பெயர் மெர்லின். பொன்மலை ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவராம். கோதையை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தார். ஆராய்ச்சி முடிய வருடக்கணக்கில் ஆகும், உங்கள் முடிவு இதுதான் என்று தனியாக எதுவும் சொல்ல மாட்டோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். எனக்கு மனது விட்டுப்போனது. எந்த மருந்து கேட்கும் என்று இன்றே தெரிந்துவிடும் என நம்பித்தான் வந்திருந்தேன்.

பிறகு கேள்விகள்.

"வார மாத்திரை எந்தக் கிழமை போடுறீங்க ஆன்ட்டி?"

"சனிக்கிழமைம்மா. மறக்காத கிழமையா வச்சுக்கங்கன்னு டாக்டர் சொன்னாரு. பெருமாள் கிழமை எப்படி மறக்கும்?"

"அப்ப இன்னிக்குத்தான். போட்டாச்சா?"

"இன்னிக்கு எப்படிம்மா போடுறது, விரதமாச்சே. நாள் பூரா தண்ணி மட்டுந்தான். வெறும் வயித்துல போட்டா குமட்டும்னு சொல்லியிருக்காங்க."

மெர்லின் எழுதுவதை நிறுத்தினார். "எத்தனை நாளா சனிக்கிழமை விரதம்?"

"போன புரட்டாசியிலேருந்து. இந்தக் கை நல்லாகணும்னு வேண்டிக்கிட்டதுதான்."

"அந்த மாத்திரைய மறுநாள் போடுவீங்களா?"

"கிழமை மாறிப் போடலாமா? அப்படி யாரும் சொல்லலியே. மத்த மாத்திரையெல்லாம் ஒழுங்கா போடுறேம்மா. டாக்டர் கேட்டப்பவும் போடுறேன்னுதான் சொன்னேன்."

அவள் விரதம் இருப்பது எனக்குத் தெரியும். மாத்திரைக்கும் அதே கிழமை என்பது அந்த நாற்காலியில்தான் தெரிந்தது. மருந்து கேட்காமல் போகவில்லை. பத்து மாதமாக அது அவள் வாய்க்குள்ளேயே போகவில்லை.

மெர்லின் வெளியே போய் டாக்டரிடம் போனில் பேசிவிட்டு வந்தார். இன்று எதுவும் போட வேண்டாம், ரத்தப் பரிசோதனை செய்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்றாராம். நாங்கள் கொண்டுபோயிருந்த எக்ஸ்ரேயை மெர்லின் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "டாக்டரே விவரமா சொல்வாருங்க" என்றார். கோதை விடவில்லை.

"வலது மணிக்கட்டுல எலும்பு அரிச்சிருக்கு ஆன்ட்டி. அது திரும்பி வளராது. மத்த மூட்டுங்கள காப்பாத்தலாம்னு சொல்றாரு."

கோதை புடவைத் தலைப்பை ஒதுக்கி முழங்கையை நீட்டினாள். "வந்ததுக்கு ரத்தத்தையாவது எடுத்துக்கம்மா."

"எடுக்கக் கூடாதுங்க. மருந்தே போடாதவங்கள மருந்து கேக்காதவங்க கூட சேத்தா, நாளைக்கு இதே நோயோட வர்ற யாருக்கோ தப்பா சொல்லிடுவோம்."

கோதை கையை நீட்டியபடியே கொஞ்ச நேரம் இருந்தாள். நான்தான் மடக்கிவிட்டேன்.

மலைக்கோட்டை ஏறுவதாக இருந்ததை விட்டுவிட்டு ஸ்ரீரங்கம் போனோம். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கோயிலுக்குள் நடக்க முடியாதவர்களுக்கு பேட்டரி கார் ஓடுகிறது. இலவச வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்று சேவித்தோம். வெளியே வந்து தயிர்சாதப் பொட்டலம் ஒன்று வாங்கிப் பிரித்தேன்.

"இன்னிக்காவது சாப்பிடேன்டி."

"இன்னிக்குச் சாப்பிட்டு என்னக்கா ஆகப்போவுது? மாத்திரையும் போடக் கூடாதுன்னுட்டாங்க."

பொட்டலத்தை அப்படியே மடித்து ஊருக்கு எடுத்து வந்தேன். இரண்டு பேருக்குமாகச் செலவு இருநூற்றுத் தொண்ணூறு ரூபாய்.

இதே காரியமாகப் போகிறவர்களுக்கு: மாத்திரை அட்டைகளை, தீராமல் மிச்சம் இருப்பவற்றையும் சேர்த்து எடுத்துப் போங்கள். விரதம், நோன்பு, உபவாசம் எதுவானாலும் டாக்டரிடம் கிழமையோடு சொல்லுங்கள். வார மாத்திரையின் கிழமையை மாற்றித் தருவார்கள். விட்டுப்போனதைச் சேர்த்துப் போடுவதோ, தினம் போடுவதோ ஆபத்து, கேட்காமல் செய்யாதீர்கள். "ஒழுங்கா போடுறியா" என்று வீட்டில் இருப்பவர்களைக் கேட்காதீர்கள். "கடைசியா எப்போ போட்டே" என்று கேளுங்கள்.

கோதைக்கு இப்போது புதன்கிழமை மாத்திரை. இடது கை விரல்கள் கொஞ்சம் மடங்குகின்றன. வலது மணிக்கட்டு அப்படியேதான் இருக்கிறது. தையல் மெஷினை எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள். சனிக்கிழமை விரதத்தை விடவில்லை, நானும் விடச் சொல்லவில்லை. போன சனிக்கிழமை அவளுக்கு விளக்கேற்றிக் கொடுத்துவிட்டு, இப்போது என்ன வேண்டிக்கொள்கிறாய் என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லக்கா. சும்மா இருக்கேன்" என்றாள்.