ரசம் வார்த்த கை

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமான வருஷத்தில்தான் அப்பாவின் வலது கை எழுத மறுத்தது. இரண்டு ராஜ்யத்துக் காகிதங்களும் வந்து குவிந்த அலுவலகத்தில் அப்பா நகல் எழுதும் குமாஸ்தா. பேனாவைப் பிடித்த மாத்திரத்தில் கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கிக்கொள்ளும், மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளும். பேனாவைக் கீழே வைத்தால் கை பழையபடி சாதுவாகிவிடும். பெரியாஸ்பத்திரி டாக்டர் முழங்கையைச் சின்னச் சுத்தியால் தட்டிப் பார்த்து, நரம்பில் ஒன்றுமில்லை என்றார். வைத்தியர் ஒரு மண்டலம் தைலம் தடவினார். வீடு முழுக்கத் தைல வாசனை வந்ததுதான் மிச்சம்.

அப்பா லீவு போட்டு வீட்டில் இருந்தார். கரமனையில் எங்கள் தெரு இதற்கு இரண்டு விளக்கம் வைத்திருந்தது: ஒன்று பக்கவாதம், இல்லையென்றால் பாசாங்கு. ஒன்பது வயதுப் பெண்ணான எனக்கு இரண்டில் எது கூடுதல் கேவலம் என்று தீர்மானிக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒருத்தி, "நின்றெ அச்சன்றெ கை தளர்ந்நு போயோ?" என்று எல்லோர் முன்னாலும் மலையாளத்தில் கேட்டாள், உன் அப்பா கை விளங்காமல் போய்விட்டதா என்று.

அப்போதுதான் தெருவில் ஒரு கல்யாணம் வந்தது. எங்கள் தெருக் கல்யாணங்களில் தெரு ஆண்கள்தான் வேஷ்டியை வரிந்து கட்டிக்கொண்டு பரிமாறுவார்கள். அப்பாவுக்கு எப்போதும் ரசம். சாதத்தில் குழித்து வைத்த இடத்தில் விழுமே தவிர, இலையில் ஓடாது. அன்று பந்தியில் அப்பாவின் ஆபீஸ் சூப்பிரண்டு உட்கார்ந்திருந்தார். பாலக்காட்டுக்காரர், மாப்பிள்ளை வீட்டுக்கு உறவு. அவரைக் கண்டதும் அப்பா ரச வாளியை இன்னொருவரிடம் நீட்டினார். எனக்கோ, விட்டால் கிடைக்காத சந்தர்ப்பம் என்று பட்டது. ஓடிப்போய் அவர் இலைக்கு முன்னால் நின்றேன்.

"மாமா, எங்கப்பா கைக்கு ஒண்ணுமே இல்லை. சிந்தாம ரசம் விடுவார், பாருங்கோ!"

"அப்படியா? ஓய், இங்கே வாரும். நீரே விடும்."

அப்பா வந்தார். ரசம் குழிக்குள் கச்சிதமாக விழுந்தது. நான் கைதட்டினேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது.

"கை பேஷா இருக்காக்கும். பேனா பிடிக்க மாத்திரம் வய்யா, இல்லையா?" என்றார் அவர்.

பந்தியே சிரித்தது. "எழுதத்தான் சார் வரலை," என்றார் அப்பா. அது யார் காதிலும் விழவில்லை.

மறுவாரம் லீவு ரத்தாயிற்று. ஆபீஸ் ஹால் முழுக்க வேடிக்கை பார்க்க, அப்பா பேனாவை முஷ்டியில் பிடித்து இரண்டு வரி எழுதினாராம். பிறகு தபால்களுக்கு முத்திரை குத்தும் மேஜைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே கை ஒழுங்காக வேலை செய்தது. அதற்கும் சிரித்தார்கள்.

அப்பா என்னைத் திட்டவே இல்லை. திட்டாததே எனக்குச் சந்தேகமாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"நெஜம்மாவே வரலையாப்பா? இல்லே, பொய்யா?"

அப்பா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கே தெரியலைடி குழந்தே."

பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் நானும் அப்படித்தான் சொல்வேன். அதனால் அன்றிலிருந்து காலையில் இருவரும் பஸ்ஸுக்கு நடக்கும்போது அவர் நீட்டிய கையை நான் பிடிக்கவில்லை. அந்தக் கையைக் கண்டு எங்கள் எல்லோரையும்விட அதிகமாகப் பயந்துபோயிருந்தவர் அவர்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது.