உள்ளே ஒரு பட்டி

வெள்ளிக்கிழமை வந்தாலே ஊசியக்காவுக்குப் பயம். அன்றைக்குத்தான் அவருடைய மகள் படப்பிடிப்பு பார்க்க வருவாள். பெற்ற பெண் வருவதற்கு யாராவது பயப்படுவார்களா என்று கேட்டேன். அவருடைய உடை அறைக்கும் என் ஒப்பனை அறைக்கும் ஒரே கதவு. ஐந்து வருஷமாக அவர் ஊசி கோக்க, நான் பவுடர் பூச, வாய் ஓயாமல் பேசியிருக்கிறோம். இதை மட்டும் அவர் சொன்னதில்லை.

முப்பது வருஷத்துக்கு முந்திய வீடு ஒன்றைப் பற்றியது எங்கள் தொடர். கணவன் செய்தித்தாளைக் கீழே வைப்பதற்குள் மனைவி சூடாகக் குடிக்கக் கொண்டுவந்து நிற்பாள். அவன் குரல் உயர்ந்தால் இவள் தலை குனியும், பின்னணியில் வயலின் உருகும். அவள் முடி ஒன்று கலையாது. கலையாமல் பார்ப்பது என் வேலை. “அந்தக் காலத்துப் பொம்பளைங்களுக்கு என்ன பொறுமை!” என்று கடிதம் கடிதமாக வரும். படிக்கப் படிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முதன்முதல் உடை பார்த்த அன்று இயக்குநர் ஊசியக்காவிடம், “நீங்க அந்தக் காலத்து ஆளு. அப்ப வீட்டுல பொம்பளைங்க என்ன போட்டாங்க?” என்று கேட்டார். இருபது வருஷ வேலையில் அவரிடம் யோசனை கேட்ட முதல் மனிதர். அந்தப் பெருமையில் வாய் முந்திக்கொண்டது.

“முழுக்கைச் சட்டை சார். மணிக்கட்டுல பொத்தான்.”

“வெயில் காலத்துலயுமா?”

“எப்பவும்தான்.”

என்ன அடக்கம், என்ன அழகு என்று இயக்குநர் குதித்தார். தொடர் வந்து ஆறே மாதத்தில் கடைத்தெரு முழுக்க அந்தக் கைதான் தொங்கியது.

என் அம்மா அரைக்கைதான் போடுவாள். பழைய போட்டோக்கள் இருக்கின்றன. அதைச் சொன்னபோது ஊசியக்கா நூலைப் பல்லால் கடித்து, “எல்லா வீடும் ஒண்ணா?” என்றார். பிறகொரு நாள் கதாநாயகியின் கைக்கு நிறம் பூசும்போது சட்டைக்கைக்குள் ஒரு பட்டி தட்டுப்பட்டது. முன்கையைச் சுற்றிப் பிடிக்கும் பட்டி, அதிலொரு பொத்தான். வெளியே துளியும் தெரியாது.

“இது எதுக்குக்கா?”

“பழக்கதோஷத்துல வெச்சுட்டேன். பரண்ல இருந்து ஏதாவது எடுத்தா சட்டை மேல ஏறாம இருக்கும்.”

ஏறினால் என்னவாம் என்று கேட்க வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். எந்த வெயிலிலும் சட்டைக்கையை மடிக்காத மனுஷி அவர். இயக்குநரிடம் அவர் சொன்னது ஊர் உடையை அல்ல, கணவரோடு வாழ்ந்த பதினோரு வருஷத்தை என்று அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. அந்த ஆள் போய்ச் சேர்ந்தபோது மகளுக்கு நாலு வயது.

அந்த மகளுக்குப் போன வருஷம் கல்யாணம். அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளில் எல்லாம் முழுக்கை.

“ஃபேஷன்தானேக்கா? ஊரே போடுதே,” என்றேன்.

“அதான்டி பயமா இருக்கு. ஊரே போட்டா, யாரு கையில என்ன இருக்குன்னு எப்படித் தெரியும்?”

“கேட்டுட வேண்டியதுதானே?”

“எங்கம்மா கேட்டாங்க. எனக்கு இதான் எடுப்பா இருக்குன்னு சொன்னேன். நம்பிட்டுப் போயிட்டாங்க.”

போன வெள்ளிக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் மகள் வந்தாள். அவள் மணிக்கட்டில் பொத்தான் ஒரு நூலில் ஆடிக்கொண்டிருந்தது.

“கழட்டிக் குடு, தெச்சுத் தரேன்,” என்றார் ஊசியக்கா.

“போட்டிருக்கும்போதே தெய்யும்மா.”

ஊசியக்கா சட்டைக்கையின் ஓரத்தைத் திருப்பினார். விரல் உள்ளே போனது, அப்படியே நின்றுவிட்டது. நானும் எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு பட்டி. வெள்ளைத் துணியில் கறுப்பு நூல், கோணல் மாணலான தையல். கடையில் விற்பதில் இது கிடையாது. கேமராவில் இது தெரியாது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவளே யோசித்துத் தைத்திருக்கிறாள்.

மகள் கையை இழுத்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தாள். “என்னம்மா? இந்த சீரியலைப் பாக்கறப்பல்லாம் உன்னையும் அப்பாவையும்தான் நெனச்சுக்குவேன். நீ பொறுத்துப் போனதாலதான் வீட்டுல சத்தமே வராதுன்னு சொல்லுவியே.”

சொன்னவர்தான். அப்பா இல்லாத பிள்ளை ஏங்கிப்போகக் கூடாது என்று ஒரு நல்ல அப்பாவைச் செய்து கொடுத்திருந்தார். அதுவும் ஒரு தொடர்தான், இருபது வருஷம் ஓடிய தொடர்.

ஊசியக்கா ஊசியை மேசையில் வைத்தார். தன் மணிக்கட்டுப் பொத்தானையும் உள்பட்டிப் பொத்தானையும் கழற்றினார். சட்டைக்கையை முழங்கை வரை ஏற்றினார். ஐந்து வருஷத்தில் நான் பார்க்காத கை. இஸ்திரிப் பெட்டியின் முனை, கூராக, வெளுத்துப்போன தோலில் அப்படியே பதிந்திருந்தது.

“உங்கப்பாதான். சத்தம் வரல, நெசந்தான். நான் கத்தல.”

கதவைத் தட்டினார்கள். “அக்கா, ஹீரோயின் டிரஸ்! ஷாட் ரெடி!”

நான் போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன். திரும்பியபோது, மகள் அந்த ஒற்றை நூல் பொத்தானைப் பற்றியிருந்தாள். இழுத்த இழுப்பில் அது அறுந்து தரையில் உருண்டது. இருவரும் குனியவில்லை.

“உள்ள இருக்கற பொத்தானையும் கழட்டு,” என்றார் ஊசியக்கா. “பயப்படாதே. இன்னிக்கு எங்கூடத்தான் வர்ற.”