கூட்டம் கலைந்த பிறகு வெட்டிய வாய்க்கால்

பொதுமகன் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தால் அதற்கு உரிய காலத்தில் பதில் அனுப்ப வேண்டும். முழுப் பதில் தர இயலாவிட்டால், கடிதம் கிடைத்தது, கவனிக்கப்படுகிறது என்று இடைக்காலப் பதிலாவது அனுப்ப வேண்டும். இது விதி. உத்தியோகத்தில் இருந்த காலம் முழுவதும் எனக்குக் கீழே வேலை செய்தவர்களுக்கு இதை நினைவூட்டி வந்தேன். எனக்கு இடமாற்றம் கிடைக்க வேண்டுமென்று அவர்களில் சிலர் கோயிலில் நேர்த்தி வைத்திருந்ததாகப் பின்னாளில் கேள்விப்பட்டேன்.

ஓய்வு பெற்ற பிறகு அந்த விதியின் மறுபக்கத்தில் நிற்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. எங்கள் வீட்டுக்குப் போகும் குறுகிய ஒழுங்கை வலிகாமத்துத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு பெரிய வீதியில் போய் ஏறுகிறது. அந்த வீதிக்குத் தார்க் காப்பெற் போட்டு உயர்த்தினார்கள். வீதி உயர்ந்தது, ஒழுங்கை உயரவில்லை. முன்பெல்லாம் மழைவெள்ளம் வீதியின் கீழிருந்த குழாய் வழியாக மறுபக்கத்து வெளிக்குப் போய்விடும். அந்தக் குழாய் புதிய வீதிக்கு அடியில் எங்கோ நிரந்தர ஓய்வு பெற்றுவிட்டது. அதனால் முதல் மழைக்கே ஒழுங்கை வாசல் குளமானது.

இது நடந்தது என் மனைவிக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை செய்த வருடம். கிழமைக்கு ஒரு தடவை தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பயிற்சி செய்ய வேண்டும், இப்போது மடக்கிப் பழகாவிட்டால் கால் பிறகு மடங்காது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். புரட்டாசி முழுவதும் ஓட்டோவில் போய் வந்தோம். ஐப்பசி பிறந்ததும் ஓட்டோக்காரர் பெரிய வீதியிலேயே நின்றுகொண்டு தொலைபேசியில் சொன்னார்:

“சேர், உள்ளுக்கு வரேலாது. இது ஓட்டோ. வள்ளமெண்டா வேறை ஆளைக் கூப்பிடுங்கோ.”

ஒழுங்கைப் பொடியள் கதிரையில் இருத்தித் தூக்கிக்கொண்டு போகிறோம் என்று வந்தார்கள். மனைவி சம்மதிக்கவில்லை. “நாலுபேர் தூக்கிக்கொண்டு போறது ஒருக்காத்தான். அதுக்கு இன்னும் காலம் கிடக்கு” என்றார். அந்தக் கிழமைப் பயிற்சி தவறியது. மறுநாள் அவர் கட்டிலிலிருந்து எழும்பும்போது காலை நீட்டியபடியே வைத்திருந்ததைக் கண்டேன். கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றார்.

நான் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். வீதிக்குப் பொறுப்பான அலுவலகத்துக்கு, பொருள் எழுதி, அதன் கீழே கோடு கீறி, சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் பிரதி போட்டு, பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். பிறகு ஒரு நினைவூட்டல். அதன் பிறகு, முன்னைய நினைவூட்டலைச் சுட்டிக்காட்டி இன்னொன்று.

“உங்கடை கடிதம் மிதக்குமெண்டாச் சொல்லுங்கோ,” என்றார் மனைவி, “அதிலை ஏறிப் போறன்.”

“முறை எண்டு ஒண்டு இருக்கப்பா.”

“முறைக்கு முழங்கால் இல்லை. எனக்கு இருக்கு. அந்தச் சனசமூக நிலையத்திலை போய்ச் சேருங்கோ. ஓசியிலை பேப்பர் வாசிக்க மட்டும் போறியள்.”

குற்றச்சாட்டு உண்மைதான். ஒழுங்கை மூலையில் உள்ள சனசமூக நிலையத்துக்குக் காலையில் போய் எல்லாப் பத்திரிகைகளையும் வாசித்துவிட்டு வருவேன். உறுப்பினரானதில்லை. வாசிகசாலை எல்லோருக்கும் பொதுவானது என்பதால் அதில் விதிமீறல் எதுவும் கிடையாது. நிலையத்தின் தலைவர் வெங்காயம் செய்யும் தோட்டக்காரர். என்னை விட வயதில் குறைந்தவர். கண்ட நேரமெல்லாம் என்னைச் சேரச் சொல்லுவார்.

“சேர்ந்தா விசேஷத்துக்குக் கதிரை, சமைக்கிற கிடாரம் எல்லாம் தருவம், சேர். செத்தவீடெண்டாப் பந்தலுக்குத் தறப்பாளும் கதிரையும் நாங்களே கொண்டுவந்து இறக்குவம்.”

“அந்த வசதியை உடனடியாகப் பயன்படுத்தும் உத்தேசம் இல்லை” என்று சொல்லிவந்தேன். இந்தத் தடவை சேர்ந்தேன். அவர் காரணம் கேட்கவில்லை. வெள்ளம் அவர் வீட்டு வாசலிலும் நின்றது.

அடுத்த ஞாயிறு பின்னேரம் கூட்டம். நிகழ்ச்சிநிரலில் ஒழுங்கை வெள்ளம் இருந்தது. நான் முன் வரிசையில் இருந்துகொண்டு, பழக்கதோஷத்தில், வந்திருந்தவர்களைத் தலை எண்ணினேன். கூட்டம் நடத்துவதற்கு நிலையத்தின் யாப்பு விதிப்படி தேவையான ஆட்கள் இல்லை. முற்றத்தில் கரப்பந்து விளையாடிக்கொண்டிருந்தவர்களைச் சேர்த்தால் வரும். ஆனால் முற்றம் மண்டபமாகாது. எழுந்து சொன்னேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் மனைவியின் முழங்கால் சம்பந்தப்பட்ட ஒரே விடயம் எடுக்கப்பட இருந்த கூட்டத்தை நானே நிறுத்திவிட்டேன் என்பது திரும்பக் கதிரையில் இருந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

தலைவர் கொஞ்சமும் கலங்கவில்லை. “சேர் சொல்லுறது சரி. கூட்டம் கலைஞ்சுது. தேத்தண்ணி கொண்டு வாங்கோ.”

நான் குடையை எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்து இருத்தினார்.

“எங்கை போறியள்? இனித்தானே கதைக்கப் போறம்.”

“கூட்டம் கலைந்துவிட்டதே.”

“அதுதான் சேர். கூட்டத்திலை கதைச்சா அறிக்கையிலை எழுதவேணும், பேந்து அடுத்த கூட்டத்திலை அறிக்கை பிழையெண்டு சண்டை பிடிக்கவேணும். கலைஞ்சாப்பிறகு கதைச்சாச் செய்யலாம்.”

அந்த நிலையத்தில் உருப்படியாக நடந்த எல்லாக் காரியமும், கலைந்த கூட்டங்களில்தான் முடிவானது என்று அன்றைக்கு அறிந்தேன். கரப்பந்து விளையாடியவர்களும் பந்தைப் போட்டுவிட்டு வந்து குந்தினார்கள். தேத்தண்ணி குடித்து முடியுமுன் திட்டம் தயார். வீதியை வெட்ட அனுமதி வேண்டும். ஆகவே வீதியைத் தொடுவதில்லை. வெள்ளத்தை மறுபக்கம் திருப்பி, ஒரு காணிக்குள்ளால் வாய்க்கால் வெட்டி, பின்னாலிருக்கும் குளத்தில் விடுவது. ஒருவர் வீடு கட்டி மிஞ்சிய சீமெந்துக் குழாய்களைத் தருவதாகச் சொன்னார். ஒரே ஒரு சிக்கல்தான். அந்தக் காணி என் பக்கத்து வீட்டுக்காரருடையது.

அவர் ஒவ்வொரு தடவை வேலி அடைக்கும்போதும் வேலி என் பக்கம் கொஞ்சம் நகர்கிறது என்று ஒருமுறை கிராம சேவகருக்கு எழுதியிருந்தேன். பிரதிகளுடன். அதற்குப் பிறகு எங்களுக்குள் கதை இல்லை. ஒரே ஒழுங்கையில் எதிர்ப்பட்டால் அவர் வானத்தைப் பார்ப்பார், நான் கடிகாரத்தைப் பார்ப்பேன்.

தலைவர் அவரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தார். “ஓமெண்டும் சொல்லேல்லை, இல்லையெண்டும் சொல்லேல்லை. அந்த மனிசன் வந்து கேக்கட்டுமாம். எழுத்திலை வேண்டாமாம். வாயாலை.”

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவர் நான் வெளியே போகும்போது போடும் சேர்ட்டை எடுத்துத் தந்தார்.

பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டுக்குத் தின்னக் குழை கட்டிக்கொண்டு நின்றார். திரும்பாமலே கேட்டார்:

“வாங்கோ. கடிதம் கொண்டரேல்லையோ?”

“இல்லை. வாயாலை கேக்க வந்தனான்.”

“கேளுங்கோ.”

கேட்டேன். வெள்ளம், வாய்க்கால், குழாய், குளம் என்று ஒழுங்காகத்தான் தொடங்கினேன். நடுவில் எங்கோ மனைவியின் கால் வந்துவிட்டது. அவர் குழைக் கட்டை இறுக்கிவிட்டுத் திரும்பினார்.

“பொருளெண்டு ஒண்டு போட்டு அடியிலை கோடு கீறுவியளே, அது இல்லாமலும் உங்களுக்குக் கதை வருது.”

“வருது.”

“அக்காவுக்கு இப்ப கால் மடங்குதோ?”

“போன கிழமை மடங்கின அளவுக்கு மடங்கேல்லை.”

அவர் இன்னொரு குழையை ஆட்டுக்கு நீட்டினார். “நாளைக்கே வெட்டச் சொல்லுங்கோ. ஆனாப் பூவரசங் கதியால் வேலிக்குக் கிட்ட வேண்டாம். பேந்து வாய்க்கால் உங்கடை பக்கம் நகர்ந்திட்டுதெண்டு எழுதுவியள்.”

எழுத மாட்டேன் என்றேன். “பிரதியும் போடக்கூடாது” என்றார்.

மறுநாள் விடிய, மண்வெட்டியும் அலவாங்குமாக ஒழுங்கையே திரண்டு வந்தது. கரப்பந்துக்காரர்கள் வெட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தன் கதியாலிலிருந்து ஒரு கயிறு இழுத்துக் கட்டி, அதற்கு அப்பால் யாரும் போகாதபடி காவல் நின்றார். எனக்கும் ஒரு மண்வெட்டி தந்தார்கள். சற்று நேரத்தில் அதை வாங்கிக்கொண்டு, தேத்தண்ணிக்குப் பொறுப்பாக்கினார்கள். பின்னேரம் கடைசிக் குழாயை இறக்கி, அடைத்து வைத்திருந்த மண்ணை வெட்டிவிட்டதும், ஒழுங்கைத் தண்ணீர் கொஞ்சம் யோசித்துவிட்டுக் குளத்தை நோக்கிப் போனது. பெரிதாக யாரும் கைதட்டவில்லை. தலைவர் மட்டும், “சேர், இதுக்கு அனுமதி எடுக்கேல்லையெண்டு யாருக்கும் எழுதிப்போடாதையுங்கோ” என்றார். தனியார் காணியில் உரிமையாளரின் சம்மதத்தோடு வெட்டிய வாய்க்கால், யாரும் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். அந்த இடத்திலேயே என்னை நிலையத்தின் செயலாளராக்கினார்கள். கூட்டம் இல்லை, பிரேரணை இல்லை, வழிமொழிதல் இல்லை. தெரிவு செல்லாது என்பது எனக்குத் தெரியும். இன்றுவரை அதை யாருக்கும் சுட்டிக்காட்டவில்லை.

கார்த்திகை மழை வழக்கம்போல அடித்து ஊற்றியது. ஓட்டோ வாசல்வரை வந்தது. சில்லு நனைந்தது, அவ்வளவுதான். மனைவி ஒரு கிழமையும் தவறவில்லை. நிலையத்தில் சேர்வதால் என்ன கிடைக்கும் என்று இப்போது யாராவது கேட்டால், கதிரையையும் கிடாரத்தையும் நான் சொல்வதில்லை. எங்கள் வீட்டில் ஒருவர் குந்தியிருந்து கீரை ஆய்வதைக் காட்டுவேன்.

பொங்கலன்று மனைவி ஊன்றிப் பிடிக்கும் பொல்லைக்கூட எடுக்காமல், பொங்கல் புக்கைக் கிண்ணத்தோடு ஒழுங்கையால் நடந்து பக்கத்து வீட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது கிண்ணத்தில் அவர்கள் வீட்டுப் புக்கை இருந்தது. எங்களுடையதை விட நன்றாக இருந்தது. அதையும் நான் யாருக்கும் எழுதவில்லை.

மறுநாள் தபாற்காரர் வந்தார். மழைக்காலத்தில் எங்கள் கடிதங்களைச் சந்திக் கடையில் வைத்துவிட்டுப் போகிறவர், வாசலில் வந்து மணி அடித்தார். வீதிக்குப் பொறுப்பான அலுவலகத்தின் பதில். என் கடிதம் கிடைத்ததாம். இவ்வாறான கோரிக்கைகளைத் தனிப்பட்ட முறையில் அனுப்பாமல், பிரதேசத்தின் சனசமூக நிலையத்தில் உறுப்பினராகி, அதன் செயலாளர் ஊடாக அனுப்பும்படி கேட்டிருந்தார்கள்.

செயலாளர் அதை இரண்டு தடவை வாசித்தார். பதில் உரிய காலத்தில் போவதற்கு, கிடைத்த கடிதத்தின் மேல் மூலையில் கிடைத்த திகதியைக் குறித்து வைப்பது முறை. குறித்தார்: தை மாதம் இரண்டாம் நாள்.