அக்கா தேர்ந்தெடுத்த பள்ளிக்கூடம்

அக்கா மறைந்து ஓராண்டு நிறைவடையும் இந்நாளில், திதிக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தம்பியின் வணக்கம். அக்காவைப் பற்றி எழுதச் சொல்லி அத்தான் கேட்டபோது, அவருடைய நற்குணங்களை நாலு பக்கம் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் எதை எழுதத் தொடங்கினாலும் அவர் எடுத்த ஒரு முடிவிலேயே வந்து நின்றது. அந்த முடிவைத் தவறு என்று உங்களில் சிலர் அப்போது சொன்னீர்கள். உங்கள் எல்லாரையும்விட உரக்கச் சொன்னவன் நான்.

அக்கா பிறந்தது பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தார். அவர் ஓய்வு பெற்றதும் கிள்ளானுக்குக் குடிவந்தோம். அக்கா பள்ளியின் கடைசி வகுப்பான படிவம் ஐந்து முடித்த ஆண்டு அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. மேற்படிப்புக்குக் கிடைத்த இடத்தை அக்கா யாரிடமும் புலம்பாமல் விட்டுவிட்டு, துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் ஒரு நிறுவனத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். விடியற்காலையில் அம்மாவைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, பிறகு பஸ் பிடித்து ஓடுவார். நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் போனது அவர் அப்படி ஓடியதால்தான். தனக்கென்று திருமணம் செய்துகொண்டபோது அவருக்கு வயது முப்பத்து நான்கு. அத்தான் லோரி ஓட்டுநர். அதிகம் பேசாத நல்ல மனிதர். அவர்களுக்கு ஒரே மகள், தர்ஷினி.

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியன். ஆண்டு இறுதியில் வீடு வீடாகப் போய், பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புங்கள் என்று கேட்டுக் கதவைத் தட்டுகிறவன். தர்ஷினி என் பள்ளியில்தான் முதலாம் ஆண்டு சேர்ந்தாள். அதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

மூன்றாம் ஆண்டு வந்தும் அவளுக்கு வாசிக்க வரவில்லை. "எழுத்தெல்லாம் நகருது மாமா" என்பாள். விளையாட்டுத்தனம் என்று நினைத்தேன். பிறகு, பள்ளி நாள்களில் காலையில் வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். சனி, ஞாயிறுகளில் வாந்தி இல்லை. கிளினிக்கில் வயிற்றில் ஒன்றுமில்லை என்றார்கள்.

ஒருநாள் அவள் மறந்துவிட்டுப் போன தண்ணீர்ப் போத்தலைக் கொடுக்க அக்கா பள்ளிக்கு வந்தார். வகுப்புக்கு வெளியே, நடைபாதையில், விரித்த புத்தகத்தைக் கையில் பிடித்தபடி தர்ஷினி நின்றுகொண்டிருந்தாள்.

"எவ்ளோ நேரமா நிக்கிற?"

"ரீசெஸ் முடிஞ்சதிலிருந்து மா."

"தினமுமா?"

பிள்ளை ஆமென்று தலையை ஆட்டினாள். இரண்டாம் ஆண்டு நடுவிலிருந்தே அப்படித்தானாம்.

மாலையில் அக்கா என் வீட்டுக்கு வந்தார். "உனக்குத் தெரியுமா தம்பி?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியும். அந்த நடைபாதை வழியாகத்தான் நான் தினமும் அடுத்த வகுப்புக்குப் போவேன். அவள் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். சக ஆசிரியரின் வகுப்பில் தலையிடக் கூடாது, சொந்தக்காரப் பிள்ளைக்குச் சலுகை கேட்டதாகிவிடும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு கடந்து போயிருக்கிறேன். தமிழ்ப்பள்ளிமேல் குறை சொல்ல இதை எழுதவில்லை. எத்தனையோ பிள்ளைகளை ஆளாக்கிய பள்ளி அது. குறை என்மேல்.

அதன்பின் அக்கா அலுவலகத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு பள்ளிகளைப் பார்க்கத் தொடங்கினார். பங்சாரில் ஒரு பள்ளி, முதலில் பிள்ளைக்குச் சோதனை வைக்க வேண்டும் என்றது. ரவாங்கில் ஒன்று நன்றாக இருந்தது. ஆனால் தினமும் போய்வர முடியாத தூரம். கடைசியில் கிள்ளானிலேயே, ஒரு டயர் கடையின் மாடியில், ஒரு சிறிய கிறிஸ்துவ சபையைச் சேர்ந்தவர்கள் நடத்திய பள்ளிக்குப் போனார். மொத்தம் நாற்பது பிள்ளைகள்கூட இல்லை. விளையாட்டுத் திடல் இல்லை, அறிவியல் கூடம் இல்லை. பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மைத் தனித்தேர்வராகத்தான் எழுத வேண்டும். தலைமையாசிரியை கிரேஸ் என்ற நம் தமிழ்ப் பெண்.

"என் பிள்ளை எப்ப வாசிப்பா?" என்று அக்கா கேட்டிருக்கிறார்.

"தெரியாதும்மா. எங்களுக்குத் தெரிஞ்ச வழியில சொல்லிக் கொடுப்போம். அது சரிவரலன்னா வேற வழி தேடுவோம்."

"நாங்க இந்துக்க. மதம் மாத்துவீங்களா?"

"காலையில ஜெபம் இருக்கு, அவ கூட உட்காரணும். வாய் திறக்கணும்னு கட்டாயம் இல்ல. பைபிள் கதை சொல்லுவோம், அத உங்ககிட்ட மறைக்க மாட்டேன். சாமி விஷயம் உங்க வீட்டு விஷயம்."

"விபூதி வச்சிட்டு வரலாமா?"

"தாராளமா வரட்டும்."

அக்கா அங்கேயே முடிவு செய்துவிட்டார். நான் கொதித்தேன். "ஊருக்கெல்லாம் தமிழ்ப்பள்ளின்னு பேசிட்டு, என் அக்கா பிள்ளையே சர்ச் ஸ்கூலுக்குப் போனா என் மூஞ்சிய எங்க வச்சிக்கிறது?" என்று கத்தினேன். அக்கா அமைதியாக, "அங்க தமிழ் இல்ல தம்பி. சனிக்கிழமை நீ வந்து தமிழ் சொல்லிக் கொடு லா" என்றார். மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பல மாதங்கள் அவர் வீட்டுப் பக்கமே போகவில்லை.

வாந்தி இரண்டாவது வாரத்திலேயே நின்றுவிட்டதாக அத்தான் தொலைபேசியில் சொன்னார். கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

ஆனால் அக்கா பயந்தது ஒருமுறை நடக்கவே செய்தது. புதிதாக வந்த இளம் ஆசிரியை ஒருவர், தர்ஷினியின் நெற்றியில் இருந்த விபூதியைத் துடைத்துவிட்டு, வீட்டில் கும்பிடுவதெல்லாம் பாவம் என்று சொல்லிவிட்டார். பிள்ளை அன்று விளக்கேற்றும்போது அறையைவிட்டு வெளியே வர மறுத்தாள். செய்தி தெரிந்ததும் நானே வலியப் போய், மறுநாள் காலை அக்காவுடன் பள்ளிக்குக் கிளம்பினேன். மனத்துக்குள் எனக்கு மகிழ்ச்சி என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். இன்றோடு பிள்ளையை அழைத்து வந்துவிடலாம் என்று நினைத்தேன்.

அக்கா குரலை உயர்த்தவில்லை. "நீங்க எனக்கு வாக்கு கொடுத்தீங்க டீச்சர்" என்றார். கிரேஸ் டீச்சர் எந்தச் சாக்கும் சொல்லவில்லை. அந்த இளம் ஆசிரியையையும் தர்ஷினியையும் அழைத்தார். எங்களிடம் மன்னிப்புக் கேட்பார்கள் என்று பார்த்தால், இருவரும் பிள்ளையின் முன்னால் குனிந்து, அவள் கண்ணைப் பார்த்து, "நாங்க செஞ்சது தப்பு. மன்னிச்சிரும்மா" என்றார்கள். இளம் ஆசிரியை அழுதுவிட்டார். தர்ஷினி தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினாள்.

படியிறங்கி வரும்போது, "இப்பவாவது புரிஞ்சுதா? கூட்டிட்டு வந்திருக்கலாம்ல" என்றேன்.

அக்கா நின்றார். "தப்பு எல்லா எடத்திலயும் நடக்கும் தம்பி. இங்க என் பிள்ளைகிட்ட மன்னிப்புக் கேட்டாங்க. ஒன்றர வருஷம் வெளிய நின்னாளே, அவகிட்ட யாராவது கேட்டீங்களா?"

அன்று மாலை அக்கா வீட்டுக்குப் போனேன். கூடத்தில் படம் வரைந்துகொண்டிருந்த தர்ஷினியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "நீ வெளிய நிக்கிறப்ப மாமா பாத்தேன்மா. பாத்துட்டும் போயிட்டேன். மன்னிச்சிரு" என்றேன்.

அவள் வண்ணப் பென்சிலைக் கீழே வைக்காமலே, "பரவால்ல மாமா. நீங்க அவசரமா போயிட்டு இருந்தீங்க" என்றாள்.

இத்தனை நாளும் அந்தப் பிள்ளை எனக்காக ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. அக்கா கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். வெளியே வந்து, "தேத்தண்ணி குடிக்கிறியா?" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை, சாகும்வரை.

அடுத்த சனிக்கிழமை தமிழ் வகுப்பு தொடங்கியது. மணலில் எழுதினோம், இடியாப்ப மாவில் எழுதினோம், சோப்பு நுரையில்கூட எழுதிப் பார்த்தோம். ஒரு பத்தியைத் தடங்கலின்றி வாசிக்க அவளுக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. அந்தச் சனிக்கிழமைகளில் கற்றுக்கொண்டதைப் பள்ளியில் என் வகுப்புக்கும் கொண்டுபோனேன். இப்போது என் வகுப்பில் யாரையும் வெளியே நிற்க வைப்பதில்லை. மற்ற வகுப்புக்கு வெளியே யாராவது நின்றால் நானும் நின்று காரணம் கேட்கிறேன். அதனால் எனக்குச் சில மனத்தாங்கல்களும் உண்டு.

அக்கா தேர்ந்தெடுத்த பள்ளியில் எல்லாம் பொன்னாக இருந்தது என்று சொன்னால் அக்காவே ஒப்புக்கொள்ள மாட்டார். ஆசிரியர்கள் பாதி ஆண்டில் விலகிப் போவார்கள். கணக்குப் பாடத்துக்கு ஆள் இல்லாமல் மூன்று மாதம் போனது. அக்கா ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து நின்று கேள்வி கேட்பார். அவரை அங்கே எல்லாருக்கும் கொஞ்சம் பயம், நிறையப் பிரியம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் மார்பில் கட்டி கண்டார்கள். சிகிச்சைக்கு இடையிலும் முடிந்தவரை வேலைக்குப் போனார். கடைசி நாள்களில், வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்த இளம்தாய் ஒருத்தி, தன் மகனை தர்ஷினி படிக்கும் பள்ளியில் சேர்க்கலாமா என்று ஆலோசனை கேட்டாள். "என் பிள்ளைக்குப் பொருந்திச்சு. உன் பிள்ளைக்குத் தெரியாது. நீயே போய் ஒருநாள் முழுக்க உட்காந்து பாரு. படிப்பு வராத பிள்ளைகிட்ட எப்படிப் பேசுறாங்கன்னு பாரு" என்றார் அக்கா. அவ்வளவு பேசியதற்கே மூச்சு வாங்கியது. இரண்டு நாள் கழித்து, ஒரு காலை வேளையில், அத்தானும் மகளும் கைகளைப் பிடித்திருக்க, அமைதியாகப் போய்ச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று.

அக்காவைத் தம் தாயைப்போல் கவனித்த தாதியர்களுக்கும், மாதக்கணக்கில் சமைத்து அனுப்பிய அக்கம்பக்கத்தாருக்கும், அத்தானின் ஓட்டங்களைத் தாங்களே பார்த்துக்கொண்ட லோரி நண்பர்களுக்கும் எங்கள் நன்றி. இறுதிச் சடங்கன்று தேவாரம் பாடி முடியும்வரை வெயிலில் தலைகுனிந்து நின்று, பிறகு யாரும் கேட்காமலே நாற்காலிகளை அடுக்கிய கிரேஸ் டீச்சருக்கும் அவருடைய ஆசிரியர்களுக்கும் தனியாக நன்றி சொல்கிறேன். அந்த முடிவுக்காக அக்காமேல் வருத்தப்பட்டிருந்தவர்களும் அன்று வந்திருந்தீர்கள். அதற்கும் நன்றி.

தர்ஷினி இந்த ஆண்டு எஸ்.பி.எம். எழுதுகிறாள். எங்காவது அவளைப் பார்த்தால், எத்தனை பாடத்தில் 'ஏ' வரும் என்று கேட்காதீர்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள். அவளாகவே பேசத் தொடங்குவாள். மெதுவாகத்தான் பேசுவாள், சொல்லைத் தேடி நடுவில் நிறுத்துவாள். நீங்கள் எடுத்துக் கொடுக்க வேண்டாம். அவளே கண்டுபிடித்துவிடுவாள்.